எந்த ஆண்டின் கறுப்பு? – ப்ராக்ஸியும் ரீலிங்க்கும்

நான்கு விநாடி ஷாட். ஒரு கை பிளாஸ்டிக் வாளியைத் தண்ணீரில் சாய்க்கிறது. வாளிக்குள் போவது கூழாய்த் திரண்ட எண்ணெய். எண்ணூரைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தில், மிக்ஜாம் புயலுக்குப் பிந்தைய பகுதியில், அதாவது 2023 டிசம்பரில், இந்த ஷாட் அமர்ந்திருந்தது. ப்ராக்ஸி எனும் குறைந்த தர நகல்களில் வெட்டி முடித்து, மூலக் கோப்புகளோடு மீண்டும் இணைத்து, அதாவது ரீலிங்க் செய்து, முதல் பார்வைக்காகக் காட்டுக்குப்பத்தில் லேப்டாப்பைத் திறந்தோம். பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் கையை உயர்த்தினார். “தம்பி, இது நம்ம ஆறு இல்ல. கல்லு கொட்டுன கரை. எர்ணாவூர் பக்கம் அது.”

அவர் சொன்னது சரி. வாளிக்குப் பின்னால் அரை விநாடி தெரிந்தது தூண்டில் வளைவின் கருங்கல். 2017 ஜனவரி 28-இல் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெய் கடல்வழியே வந்து அந்தக் கற்களில்தான் ஒட்டியது. 2023-இல் வந்ததோ மணலிப் பக்கத்திலிருந்து. வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலையாற்றில் கலந்து, கழிமுகத்தின் அலையாத்திச் செடிகளில் இடுப்பளவுக்குக் கோடு போட்டது. இரண்டு விபத்துகள், இரண்டு காரணங்கள், பொறுப்பேற்க வேண்டியவர்களும் வேறு வேறு. ஆனால் இரண்டு கேமராக்களும் தத்தம் கோப்புக்கு வைத்த பெயர் ஒன்று: சி0012. மென்பொருள் பெயரைத் தேடியது. ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு ஆண்டுகளின் ஃபோல்டர்களும் இருந்தன. முதலில் கிடைத்ததை இணைத்துவிட்டது. எந்த மென்பொருள் என்பதை இங்கே விட்டுவிடலாம். பெயர் பொருந்தினால் போதும் என்று அதை விட்டுவைத்தது நாங்கள்.

ரீலிங்க் வசதிகளைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் வேகத்தையும் எளிமையையும் அளக்கின்றன. எத்தனை சொடுக்கு, எத்தனை நிமிடம் என்பது அவற்றின் கேள்வி. எண்ணூர் போன்ற ஓரிடத்தில், ஒரு ஷாட்டே சாட்சியமாக நிற்க வேண்டிய படத்தில், அந்த அளவுகோல் போதாது. ஒரு கோப்பை ‘அதே கோப்பு’ என்று மென்பொருள் எதைக்கொண்டு அறிகிறது, ஐயம் வந்தால் மறுக்கிறதா, ஏற்றபின் சட்டகமும் ஒலியும் நிறமும் குலையாமல் காக்கிறதா, வேலை முடிந்தபின் சரிபார்க்க இடம் தருகிறதா – இந்த வரிசையில்தான் நான் எடைபோடுகிறேன். முதற்கேள்விக்கே மிகுந்த எடை.

ரஷ் பிரிண்டை வெட்டி நெகட்டிவ்வோடு பொருத்திய காலத்தை வாசகர் அறிவர். அந்த முறையில் ஒரு சிறப்பைப் போதுமான அளவு நாம் மதிக்கவில்லை. 35 மி.மீ. சுருளின் விளிம்பு எண்ணை அச்சிட்டது ஃபிலிம் ஆலை. படப்பிடிப்புக் குழு அல்ல. அடிக்கு 16 ஃபிரேம். விளிம்பு எண்ணிலிருந்து எண்ணிப் போனால் எந்த ஃபிரேமையும் தொட்டுவிடலாம். கோடம்பாக்கத்தின் நெகட்டிவ் கட்டர் அந்த எண்ணைப் பார்த்தே கத்தரி வைத்தார். காட்சியைப் பார்த்து அல்ல. 1990-இல் கோடாக் அதைக் கீகோடு என்று பார்கோடாகவே அச்சிடத் தொடங்கியது. 1994-இல் ‘மகாநதி’ வழியாக ஏவிட் தமிழுக்கு வந்தபோதும் கணினி ரஷ் பிரிண்டின் இடத்தை மட்டுமே எடுத்துக்கொண்டது. திரையில் ஓடியது குறைந்த தரப் படம். இறுதிச் சொல் நெகட்டிவ்வின் விளிம்பில் இருந்தது. இன்று நாம் ப்ராக்ஸி என்பது அந்த உறவின் வாரிசுதான். மாறியது ஒன்று: பெயர் வைக்கும் உரிமை ஆலையிடமிருந்து கேமராவின் மெனுவுக்கு வந்துவிட்டது. கார்டை ஃபார்மேட் செய்ததும் எண்ணிக்கை 0001-க்குத் திரும்பும் கேமராவிடம் அந்த உரிமை பாதுகாப்பாக இல்லை. சினிமா கேமராக்கள் இதை உணர்ந்திருக்கின்றன. ஆரியின் கோப்புப் பெயரிலேயே ரீல், கிளிப், தேதி, கேமரா அடையாளம் எல்லாம் அடங்கிவிடும். முட்டளவு சேற்றில் இறங்கி எடுக்கும் ஆவணப்படக்காரர் கையில் இருப்பது அது அல்ல. அவர் கையில் சிறிய மிரர்லெஸ் கேமரா, ஒரு ட்ரோன், மீனவர்களின் செல்போன்கள்.

ப்ராக்ஸி வேண்டாம் என்று ஒதுக்கவும் வழியில்லை. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே காட்சி ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. அளவைவிடப் பெரிய சிக்கல் அதன் அமைப்பு. எச்.265 வகைக் கோப்பில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுதாக இருப்பதில்லை. ஒன்றைக் காட்ட அக்கம்பக்கத்துப் பலவற்றைக் கணினி பிரித்துப் பார்க்க வேண்டும். எடிட்டர் முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இந்த உழைப்பு. ராயபுரத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஐந்தாறு வருடத்து லேப்டாப்பில் வெட்டுபவருக்கு ப்ராக்ஸி இல்லையேல் படமே இல்லை. ஆகவே கேள்வி ப்ராக்ஸி தேவையா என்பதல்ல, திரும்பும் வழி எவ்வளவு நம்பகமானது என்பது.

ஏவிட் மீடியா கம்போசரிலிருந்து தொடங்குவது நியாயம். இந்தத் துறையின் இலக்கணம் அங்கே எழுதப்பட்டது. அதன் ரீலிங்க் பெட்டி நம்மிடம் கேட்கும் கேள்வியே வேறு: டேப் பெயரா, சோர்ஸ் கோப்புப் பெயரா, டைம்கோடும் பொருந்த வேண்டுமா? டேப்பே இல்லாத காலத்தில் டேப் பெயரைக் கேட்பது பழமையாகத் தோன்றலாம். உண்மையில் அது ‘எந்தச் சுருளிலிருந்து, எந்தக் கணத்தில்’ என்ற நெகட்டிவ் கட்டரின் கேள்வி. சுருளும் கணமும் சேர்ந்தால்தான் அடையாளம் என்ற கொள்கையை ஏவிட் விட்டுக்கொடுத்ததில்லை. இதுவே அதன் சாதனை. குறை என்னவென்றால், அந்தக் கண்டிப்பு நாம் உள்ளே கொடுத்த தகவலின் அளவுக்குத்தான் வலிமையானது. டேப் பெயர் இல்லாமல் மிரர்லெஸ் கோப்பை நேரே கொண்டுவந்தால், ஏவிட்டும் கடைசியில் கோப்புப் பெயரில்தான் சாய்ந்து நிற்கும். ‘பின்’ (bin) எனும் கிளிப் பட்டியலில் டேப் பெயருக்கான பத்தியை நிரப்பும் உதவியாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று அது மறைமுகமாக எதிர்பார்க்கிறது. இரண்டு பேர் எடுக்கும் படத்தில் அந்த உதவியாளர் இல்லை.

பிரீமியர் புரோவுக்கு இரண்டு முகங்கள். 2016-இல் அது கொண்டுவந்த ‘அட்டாச் ப்ராக்ஸி’ முறை, கருத்தளவில், இந்தத் துறையில் நான் கண்ட மிக நேர்த்தியான தீர்வுகளில் ஒன்று. மூலமும் ப்ராக்ஸியும் ஒரே கிளிப்பின் இரு பக்கங்களாக இருக்கின்றன. ஒரு பொத்தானில் மாறுகின்றன. கிளிப்பின் அளவு எப்போதும் மூலத்தின் அளவாகவே கணக்கிடப்படுகிறது. ரீலிங்க் என்ற செயலே அங்கே தேவைப்படுவதில்லை. ஃபிரேம் வேகமோ ஒலிச் சேனல் எண்ணிக்கையோ பொருந்தாவிட்டால் ப்ராக்ஸியை அது ஏற்க மறுக்கிறது. அந்த மறுப்பை எரிச்சலோடு பேசுபவர்கள் உண்டு. நான் அதைத் தகுதிப் பட்டியலில் வைக்கிறேன். காசிமேட்டு ஏலத்தை நான்கு சேனலில் பதிவுசெய்து, இரண்டு சேனலில் ப்ராக்ஸி எடுத்தால், மூன்றாம் சேனலில் இருந்த ஏலக்காரரின் குரலை வெட்டும்போது கேட்கவே மாட்டோம். அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடும் மென்பொருள் நம் பக்கம் நிற்கிறது.

இன்னொரு முகம் ‘லிங்க் மீடியா’ பெட்டி. பிணைப்பு அறுந்த கோப்புகளை மீட்க வருகிற இடம் அது. கோப்புப் பெயரும் நீட்சியும் முன்கூட்டியே குறியிடப்பட்டிருக்கின்றன. மீடியா தொடங்கும் டைம்கோடு போன்றவை பட்டியலில் உண்டு, நாமே குறியிட வேண்டும். ஒரு கோப்பைச் சுட்டினால் மற்றவற்றைத் தானே தேடி இணைக்கும் வசதியும் சேர்ந்தே வருகிறது. ஒரே ஃபோல்டர், ஒரே கேமரா, ஒரே நாள் என்றால் இது வரப்பிரசாதம். பல ஆண்டுகளின் கார்டுகள் ஒரு டிஸ்க்கில் அடைந்திருக்கும்போது அதே வசதி, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் கடந்துபோகிறது. சேர்த்துப் பிடிக்கும் முறையில் இவ்வளவு கவனம் காட்டியவர்கள், அறுந்ததை ஒட்டும் முறையில் அதே கவனத்தைக் காட்டவில்லை.

ஃபைனல் கட் புரோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஃபிரேம் வேகம் ஒத்திருக்க வேண்டும், ஒலி அமைப்பு ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும், டைம்லைனில் பயன்பட்ட பகுதி முழுவதையும் மூடும் அளவுக்குப் புதிய கோப்பு நீளமாக இருக்க வேண்டும் – இந்த நிபந்தனைகளில் அது தளர்வதில்லை. இவை கோப்பின் உடற்கட்டைப் பற்றிய நிபந்தனைகள், பிறப்பைப் பற்றியவை அல்ல. அதே வேகம், அதே ஒலி, போதிய நீளம் கொண்ட தவறான கோப்பு இந்தச் சல்லடையில் தங்காது.

டாவின்சி ரிசால்வ் நிறப் பணியிலிருந்து வளர்ந்த மென்பொருள். பிறர் வெட்டிய படத்தை வாங்கி மூலத்தோடு பொருத்துவதே அதன் முதல் தொழிலாக இருந்தது. அந்தப் பிறப்பு அதன் பலம். ப்ராஜெக்ட் அமைப்பில் கன்ஃபார்ம் பகுதியில் ரீல் பெயரை எங்கிருந்து எடுப்பது என்று கேட்கிறது. கோப்பின் பெயரிலிருந்தும் எடுக்கலாம், கோப்பு இருக்கும் ஃபோல்டரின் பாதையிலிருந்தும் எடுக்கலாம். இந்த இரண்டாவது வழியை நான் பெரிதாக மதிக்கிறேன். ‘எர்ணாவூர் 2017 ஏ’, ‘காட்டுக்குப்பம் 2023 பி’ என்று கார்டு வாரியாக ஃபோல்டர் பெயர் வைத்திருந்தால், அந்தப் பெயரே விளிம்பு எண்ணாகிவிடுகிறது. ஆலை நமக்காகச் செய்ததை நாமே நம் ஃபோல்டரில் செய்துகொள்கிறோம். ஒரே டைம்கோடுக்கு இரண்டு கிளிப்புகள் போட்டியிட்டால், ரிசால்வ் டைம்லைனில் அதற்கு ஒரு குறியீட்டை வைத்து நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். 2022-இல் வந்த 18-ஆம் பதிப்பிலிருந்து, மூலத்தின் அருகிலேயே ஒரு ‘ப்ராக்ஸி’ ஃபோல்டரை உருவாக்கி அதிலிருந்து தானாக இணைத்துக்கொள்வதும் உண்டு. ப்ராக்ஸிக்கும் மூலத்துக்கும் இடையிலான தூரம் அங்கே ஒரு ஃபோல்டர் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

குறைகளும் லேசானவை அல்ல. ரீல் பெயர் வசதியை நாமே போய்த் திறக்க வேண்டும். டைம்கோடைப் பெரிதும் நம்புவதால், ஒவ்வொரு கிளிப்பையும் சுழியத்திலிருந்து தொடங்கும் ட்ரோன் காட்சிகளும் செல்போன் காட்சிகளும் அதைத் தடுமாறவைக்கின்றன. ரீல் பெயர் இல்லாத நிலையில் அவை ஒன்றுக்கொன்று போட்டியிடும். ஆனாலும் அந்தத் தடுமாற்றம் நம் கண்ணில் படுகிறது. மறைக்கப்படுவதில்லை.

இங்கே ஒரு நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரீமியர், ஃபைனல் கட், ரிசால்வ் ஆகியவை மூலம் கிடைக்காதபோது சிவப்புத் திரையைக் காட்டுகின்றன. எடிட்டர்கள் அஞ்சும் திரை அது. ஒப்படைக்கும் இரவில் அதைக் கண்டால் வயிற்றைப் பிசையும். எனக்கோ அது மென்பொருள் பேசும் மிக நேர்மையான வாக்கியம். எனக்குத் தெரியவில்லை என்று அது சொல்கிறது. எங்கள் வாளி ஷாட்டுக்கு அந்தச் சிவப்பு வந்திருந்தால் அன்றே மூலத்தைத் தேடியிருப்போம். வந்தது படம், அதுவும் நம்பத்தகுந்த, ஒளி பொருந்திய, கை அசைவு வரை ஒத்த படம். ரீலிங்க் முறைக்கு நான் வைக்கும் கடுமையான சோதனை, சிவப்பைக் காட்ட வேண்டிய இடத்தில் அதைக் காட்டும் துணிவு அதற்கு இருக்கிறதா என்பதே.

சட்டகத்தின் பிரச்சினைக்கு வருகிறேன். இங்கே பிழை நேரடியாக ஒரு மனிதரைத் தொடும். முகத்தைக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு பேசிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் முகத்தை மங்கலாக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 1280-க்கு 720 அளவுள்ள ப்ராக்ஸியையே மூலம்போல் கொண்டுவந்து வெட்டி, பின்னால் 3840-க்கு 2160 அளவுள்ள கோப்பை அதன் இடத்தில் வைத்தால், பிக்சல் கணக்கில் பதிந்த நிலைகள் மூன்று மடங்கு பெரிய சட்டகத்தில் வேறிடத்தில் விழக்கூடும். மங்கல் திட்டு இடதுமேல் மூலையில் வானத்தை மறைக்கும்; முகம் தெளிவாகத் தெரியும். இணைத்து வைக்கும் முறைகளில், அதாவது பிரீமியரின் அட்டாச், ரிசால்வின் ப்ராக்ஸி ஃபோல்டர், ஃபைனல் கட்டின் உள்ளமைந்த ப்ராக்ஸி ஆகியவற்றில், மூலத்தின் அளவே கணக்கு என்பதால் இந்த ஆபத்து பெரும்பாலும் இல்லை. மாற்றி வைக்கும் முறைகளில் உண்டு. எவ்வளவு அவசரமானாலும், முகம் மறைக்கும் படத்துக்கு மாற்றி வைக்கும் முறையை நான் ஏற்கமாட்டேன்.

நிறத்தில் தவறு நுட்பமானது. லாக்கில் எடுத்த காட்சிக்கு லட் ஏற்றிப் ப்ராக்ஸி எடுத்துவிட்டால், எடிட்டர் பார்த்துப் பழகியது ஒரு படம், ரீலிங்க்குக்குப் பின் வருவது வேறு. ஆற்றில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பல் ஒன்றில் வெண்சாம்பலாகவும் மற்றொன்றில் ஈர மணலாகவும் தெரியும். சாம்பல் எது, மணல் எது என்பதுதான் அந்தக் காட்சியின் பொருளே. ஃபோகஸ் தவறும் அப்படித்தான்: சின்னப் ப்ராக்ஸியில் கூர்மையாகத் தெரிந்த முகம் மூலத்தில் காதோரம் மட்டும் கூர்மையாக இருக்கும். தேர்ந்தெடுத்த ஷாட்டுகளை வெட்டுக்கு முன் ஒருமுறை மூலத்தில் பார்த்துவிடுவது ப்ராக்ஸி முறையின் பகுதியாகவே இருக்க வேண்டும். எந்த மென்பொருளும் அதை நினைவூட்டுவதில்லை.

வேலை முடிந்தபின் சரிபார்ப்பு. நல்ல பழக்கம் ஒன்று நெடுநாளாக உண்டு: ப்ராக்ஸியில் வெட்டிய படத்தை, கோப்புப் பெயரும் டைம்கோடும் திரையில் எரித்து ஒரு முறை வெளியே எடுத்துக்கொள்வது, ரீலிங்க் ஆனபின் அதை மேலே வைத்து ‘டிஃபரன்ஸ்’ முறையில் பார்ப்பது. இரண்டும் ஒன்றானால் எழுத்து இருக்கும் இடம் தவிரத் திரை கறுப்பாகும்; வேறானால் வேறுபாடு ஒளிரும். ரிசால்வில் இதற்கென்றே ஆஃப்லைன் ரெஃபரன்ஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. டைம்லைனோடு பிணைத்து, நடுவே கோடு இழுத்து இரு படங்களையும் ஒப்பிடலாம். சரிபார்ப்பை வேலையின் உறுப்பாகவே கருதியதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்த முறையும் எண்ணூரில் தடுக்கி விழுந்தது. எங்கள் வாளி ஷாட்டை டிஃபரன்ஸில் வைத்தபோது திரை ஏறத்தாழக் கறுப்பாகவே இருந்தது. காரணம் எளியது: 2017-இன் எண்ணெயும் கறுப்பு, 2023-இன் எண்ணெயும் கறுப்பு, கறுப்பிலிருந்து கறுப்பைக் கழித்தால் மிஞ்சுவது கறுப்பு. கையின் விளிம்பில் மெல்லிய ஒளிக்கோடு மட்டும் இருந்தது. ப்ராக்ஸியின் அழுத்தத்தால் வரும் வழக்கமான இரைச்சல் என்று கடந்துவிட்டோம். பின்னால் கெயினை எட்டு மடங்கு ஏற்றிப் பார்த்ததும் கருங்கல் எழுந்து வந்தது. அன்றிலிருந்து இருண்ட ஷாட்டுகளுக்கு டிஃபரன்ஸை நான் தனியாக நம்புவதில்லை. எரித்த கோப்புப் பெயரோடு ஃபோல்டர் பாதையையும் சேர்த்து வாசிக்கிறேன். எங்கள் பிரதியில் எரித்திருந்தது ‘சி0012’ மட்டும். ஃபோல்டரின் பெயர் இருந்திருந்தால் காட்டுக்குப்பம் வரை போயிருக்கத் தேவையில்லை.

தீர்ப்பைச் சொல்ல வேண்டும். கொள்கையில் ஏவிட் முதலிடம். சுருளும் கணமும் சேர்ந்த அடையாளத்தை அதுவே உறுதியாகப் பிடித்திருக்கிறது. வடிவமைப்பின் நேர்த்தியில் பிரீமியரின் அட்டாச் முறை முன்னே நிற்கிறது. அதன் லிங்க் மீடியா பெட்டியை மீட்புக் கருவியாக, டைம்கோடும் குறியிட்டு மட்டுமே பரிந்துரைப்பேன். ஃபைனல் கட் கண்டிப்பானது, ஆனால் தவறான இடத்தில் கண்டிப்பு. மொத்த எடையில் நான் ரிசால்வின் பக்கம் நிற்கிறேன்: ஃபோல்டர் பாதையை ரீலாக்கும் வழி, போட்டியை வெளிக்காட்டும் குணம், ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு மூன்றும் ஒரே இடத்தில் உள்ளன, இலவசப் பதிப்பே 3840-க்கு 2160 வரை வெளியிட அனுமதிப்பதால் மாடிப்படிக்குக் கீழே வெட்டுபவருக்கும் அது எட்டும். இந்தத் தீர்ப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு. கார்டை இறக்கும் இரவிலேயே இடம், ஆண்டு, கேமரா மூன்றும் ஃபோல்டர் பெயரில் ஏறியிருக்க வேண்டும். அது இல்லாதபோது நான்கும் ஏறத்தாழச் சமம்.

ஒரு வகைக் கோப்பை இந்த எடையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறேன். 2023 டிசம்பரில் எங்களுக்குக் கிடைத்த முதல் காட்சிகள் மீனவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை. பெயரில் தேதியும் வரிசை எண்ணும் இருக்கும். அந்தத் தேதி நம் போனுக்குக் கோப்பு வந்து சேர்ந்த நாள், அதுவே காட்சியை எடுத்த நாள் என்பதற்கு உறுதியில்லை. சுருக்கப்பட்ட பிரதி என்பதால் அதை ப்ராக்ஸி என்று நினைக்கத் தோன்றும். மூலம் பின்னால் வரும், மாற்றிக்கொள்ளலாம் என்று நாங்களும் டைம்லைனில் வைத்தோம். செல்போன்கள் ஃபிரேம் வேகத்தைச் சீராக வைப்பதில்லை. மூலம் வந்தபோது சில ஷாட்டுகள் நகர்ந்துபோயின. ஒவ்வொன்றாகக் கையால் நேர்படுத்தினோம். ஒன்றுக்கு மட்டும் மூலம் வரவில்லை. படகின் உட்புறம், வலை, வலையிலிருந்து நூலாக இறங்கும் எண்ணெய், பின்னணியில் ஒருவர் இருமுவது. எடுத்தவரின் போன் அந்த மாதமே பழுதாகிவிட்டது. அந்த ஷாட்டை 4கே அளவுக்குப் பெரிதாக்கவில்லை. வந்த அளவிலேயே கறுப்புச் சட்டத்துக்கு நடுவே வைத்து, பெற்ற நாளைக் கீழே எழுதி, ப்ராஜெக்ட்டில் அதை மூலங்களின் ஃபோல்டருக்கு மாற்றினோம்.